திரையின் முதுகு

பகாவ் வட்டாரத் தோட்டத்து நாடகங்களில்
பத்தொன்பது வருஷம் இடது பக்கக் கயிறு என்னுடையது.
அதனால் சொல்கிறேன்:
பவுனாம்பாள் வரைந்த அரண்மனை ஒன்றையும்
நான் முன்பக்கமாகப் பார்த்ததில்லை.

சனங்களுக்குத் தூண்கள், மயில், தாமரைக்குளம்.
எனக்கு மாவுமில் முத்திரை,
நிகர எடை ஐம்பது பவுண்டு,
சாக்குக்குச் சாக்கு ஓடும் தையல்.
குளத்து நீலம் ஊறிப் பின்னால் வந்து
அடிபட்ட தோல்போல் கன்றி நிற்கும்.
அதன் ஓரத்தில் அடுப்புக்கரியால் அவள் எழுத்து:
செங்கோடா, மெதுவா இழு.
செங்கோடா, மூணாவது மரத்துல ஓட்டை, அங்க நிக்காத.
செங்கோடா, தும்மாத.

முதலில் அவள் எழுதியது எண்கள்தான்.
பால்மரத்துக்கு ஒன்றாக, வெள்ளைப் பெயிண்டில்,
நிரைக்கு நிரை.
கிராணிக்குக் கணக்கு போதும்.
அவளோ ஏழின் வாலை வளைத்தாள்,
எட்டுக்கு இடுப்பு வைத்தாள்.
அரை நாள் சம்பளம் வெட்டு.
அடுத்த மாதமே டவுனில்
ஆ ஃபூக்கின் பலகைக் கடையில் ஏணிமேல் நின்றாள்.
தெரியாத சீன எழுத்தைத்
தெரிந்தவனைவிடச் சுத்தமாக எழுதுகிறாள் என்பான்.
கூலியை மட்டும் தெரியாதவளுக்கு உள்ளதாகவே கொடுப்பான்.

செம்மண், சலவை நீலம்,
பசைக்கு ஸ்டோரில் கேட்காமல் எடுத்த கித்தாப்பால்.
அமோனியா நெடி கொட்டகையைத் தூக்கும்.
இளவரசி வேஷத்தில் லாரி டிரைவர் வேலாண்டி
கண்ணீர் ஆறாய்ப் பெருக நிற்பான்.
என்ன நடிப்பு என்பார்கள்.

வனவாச நாடகத்துக்குக் காடு கேட்டார்
வாத்தியார் மாசிலாமணி.
மூன்று ராத்திரி வரைந்தாள்.
திரை இறங்கியதும் சிரிப்பு.
மரத்துக்கு மரம் சாய்ந்த வெட்டு,
வெட்டின் கீழே மங்கு, மேலே எண்.
பிறகு சிரிப்பு தானாக நின்றது.
முன்வரிசையில் ஒருத்தி எழுந்து
"நூத்திப்பன்னெண்டு என் மரம்" என்றாள்.
மன்னனுக்கு வசனம் மறந்துபோயிற்று.
பக்கத்திரைக்குள் பாய்ந்து வந்தார் வாத்தியார்:
"முனிவர் காலத்துல மங்கு ஏதும்மா?"
"நான் பார்த்த காடு இதான், வாத்தியாரே.
வேற காடு இருந்தா கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

அப்போதும் நான் பார்க்கவில்லை.
கயிறு கையில் இருந்தது.

கோலாலம்பூர் கூப்பிட்டது. போனாள்.
மலாய் நாடகம், சீன நாடகம், எல்லாவற்றுக்கும்.
திரை வரைவதை விட்டுவிட்டாளாம்.
வெறும் மேடையில் ஒரு தகரக்கூரை,
மேலிருந்து வாளி வாளியாகப் பச்சரிசி; அதுதான் மழை.
அரசனுக்கு முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை,
பேப்பரில் பாராட்டினார்கள்.
கல்யாணம் இரண்டு தடவை பேசி வந்தது.
இரண்டு தடவையும் ஒத்திகை இருந்தது.

என்னையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.
மாட்டை யார் பார்ப்பது என்றேன்.
மாட்டை விற்ற பிறகும் அதையே சொன்னேன்.

அவள் போய் எட்டு மாதம் கழித்து
கோலாலம்பூர்க் காட்சிக்கூடத்தில் அந்தக் காடு.
குளிர்சாதன அறை, வெள்ளைச் சுவர்,
பெயருக்குக் கீழே பிறந்த வருஷம், இறந்த வருஷம்.
பால் மஞ்சளாகி வெடித்திருந்தது.
முதல் தடவையாக முன்னால் நின்றேன்.
ஏழுக்கு வால் வளைந்திருந்தது.
நல்ல காடுதான்.
நூற்றுப்பன்னிரண்டைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

பிறகு ஓரமாகப் போய்
துணிக்கும் சுவருக்கும் நடுவே
இரண்டு விரலை நுழைத்தேன்.
தொடக்கூடாது என்று ஓடிவந்தான் காவல்காரப் பையன்.
தம்பி, இதைத் திருப்பி மாட்ட முடியுமா,
பின்னால என் பேரு இருக்கு என்றேன்.
நீங்க ஓவியரா என்றான்.

இல்லப்பா. கயிறு.
இடது பக்கம்.